சுழல்ஷிப்ட் சக்கரவர்த்திக்கு ஒரு வாழ்த்துமடல்

தென்பெண்ணை பாயும் கிருஷ்ணகிரிச் சீமைக்கும், மலைமேல் சந்திரசூடேஸ்வரர் வீற்றிருந்து காக்கும் ஓசூர் மாநகருக்கும், ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா என நீளும் கன்னட தேசத்துக்கும் ஏகபோக அதிபதியே! ஏ, பி, சி என்று மூன்று திருமுகங்கள் கொண்டவரே! காலை ஆறுக்கு ஒன்று, பிற்பகல் இரண்டுக்கு ஒன்று, இரவு பத்துக்கு ஒன்று எனத் தவறாமல் தரிசனம் தந்து, இரவு பகல் என்ற பழைய பேதத்தை ஒழித்துக் கட்டிய சமதர்ம மூர்த்தியே! மாட்சிமை தாங்கிய சுழல்ஷிப்ட் சக்கரவர்த்தி அவர்களே! தங்கள் பொற்பாதங்களில் கோடி வணக்கங்களைக் கொட்டாவியுடன் சமர்ப்பிக்கிறோம். கொட்டாவியை அவமரியாதையாகக் கருத வேண்டாம். தங்கள் குடிகள் அறிந்த ஒரே தேசிய கீதம் அதுதான்.

தங்கள் திருவருகைக்கு முன்னர் இந்தச் சீமை கிடந்த இழிநிலையைச் சொல்ல நா கூசுகிறது. ராகி விதைத்து, களி தின்று, விளக்கு வைத்த இரண்டு நாழிகைக்குள் திண்ணையில் சாய்ந்துவிடும் ஜனங்கள். தினமும் ஒரே நேரத்துக்குப் படுப்பார்களாம், கோழி கூவினால் எழுந்துவிடுவார்களாம். பகலெல்லாம் வெயிலில் நிற்பார்களாம், இரவெல்லாம் இருட்டில் கிடப்பார்களாம். படுத்தபின் பார்ப்பதற்கு வானத்தைத் தவிர வேறு திரை கிடையாது. நல்ல தூக்கத்துக்கு இன்னின்ன பழக்கங்கள் வேண்டும் என்று இன்று பெங்களூரு மருத்துவமனைகள் கன்சல்டேஷன் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகின்றனவே, அந்தப் பட்டியல் முழுவதையும் இந்த மக்கள் எவரும் சொல்லாமலே, காசும் கொடுக்காமலே கடைப்பிடித்து வந்தார்கள். இதைவிடப் பின்தங்கிய நிலை வேறு உண்டா?

அன்று அவர்கள் தூக்கத்தைக் கெடுக்க இருந்தது யானை ஒன்றுதான். ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாகக் கூட்டமாக இறங்கிவந்து சானமாவுக் காட்டில் முகாமிடும். விவசாயி பரணில் ஏறி, தகரம் தட்டி, வெடி கொளுத்தி, விடியும்வரை விழித்துக் கிடப்பான். இன்றும் அப்படித்தான் கிடக்கிறான். ஆனாலும் மன்னர் பெருமானே, தங்கள் ஆற்றலுக்கு முன்னால் யானை எம்மாத்திரம்? அறுவடை முடிந்ததும் வந்த வழியே திரும்பிவிடுகிறது. ஒரு போகத்துக்கு மேல் பாடுபடத் தெரியாத சோம்பேறி மிருகம். தாங்களோ ஆயுதபூஜைக்கும் பொங்கலுக்கும் மட்டும் கொஞ்சம் இளைப்பாறி, மற்ற நாளெல்லாம் அயராது மேய்கிறீர்கள். கதிரைத் தொடுவதே இல்லை. வேலியை முறிப்பதும் இல்லை. படுக்கையில் கிடக்கும் தூக்கத்தை மட்டும் நாசூக்காகக் கொய்து போய்விடுகிறீர்கள். அதனால்தான் யானை வந்தால் வனத்துறைக்குப் போன் போகிறது. தாங்கள் வந்தால் வேலைவாய்ப்பு என்று மாலை விழுகிறது.

1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை என்னும் யாகசாலை எழும்பியது. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்துதான் தெருவுக்கு வந்தது. அசோக் லேலண்டு லாரிகள் உருண்டன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கைக்கடிகாரமும் பிறந்தது. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. அதன் பிறகு போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் செல்போன் பாகங்கள் என்று யாகத்தீ வளர்ந்துகொண்டே போகிறது. இத்தனை செல்வமும் உழைத்தவர்களின் கையிலிருந்து வந்ததாகச் சிலர் பேசுவார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி விழித்தவர்களின் கண்ணிலிருந்து வந்தது. அந்தப் பாதிக்கு முழுப் புகழும் தங்களையே சேரும்.

நாடெங்கும் உள்ள மணிக்கட்டுகளுக்கு நேரம் சொல்லும் கடிகாரத்தைச் செய்யும் ஊரில், மனித உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைத் தாங்கள் கையாளும் நேர்த்தியை வியக்காதிருக்க முடியவில்லை. 2017ஆம் ஆண்டு ஜெப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். பழ ஈயை ஆராய்ந்து, உயிரணுக்களுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றில் ஓடும் கடிகாரத்தின் பொறியமைப்பைக் கண்டுபிடித்ததற்காம். எப்போது தூங்குவது, எப்போது பசிப்பது, எப்போது உடம்புச் சூடு தணிவது என்பதையெல்லாம் இந்தக் கடிகாரம் ஆள்கிறது. அதன் முள்ளைத் தினமும் திருத்தி வைப்பது பகல் வெளிச்சம். ஈக்குக்கூட வாய்த்திருக்கிற அந்தக் கடிகாரத்தை, ஐ.டி.ஐ. முடித்த இருபது வயதுப் பிள்ளைக்கு இல்லாமற் செய்வதென்றால் எவ்வளவு பெரிய மேதைமை வேண்டும்! கண்டுபிடித்தவர்களுக்குப் பரிசு, கழற்றிப் போட்டவருக்கு ஒன்றுமில்லை என்றால், ஸ்டாக்ஹோமில் நியாயம் செத்துவிட்டது என்றுதான் பொருள்.

தங்கள் கழற்றும் நுட்பம் தனிக் கலை. இந்த உள்கடிகாரம் மெதுவானது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்ந்துகொடுக்கும். நைட் ஷிப்ட் போகத் தொடங்கியவனின் உடம்பு முனகிக்கொண்டே நகர்ந்து, சரி, இனி பகலில் தூங்கிக்கொள்ளலாம் என்று சமாதானத்துக்கு வரப் பார்க்கும். அதற்குள் வாரம் முடிந்துவிடும். உடனே தாங்கள் சக்கரத்தை அடுத்த பல்லுக்குத் தள்ளிவிடுகிறீர்கள். காலையிலிருந்து மாலை, மாலையிலிருந்து இரவு என்று முன்னோக்கிச் சுழற்றினால் உடம்பு ஓரளவு தாங்கும் என்று தூக்கத்தை ஆராய்வோர் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அதைக் கேட்ட கையோடு, சில ஆலைகளில் காலை, இரவு, மாலை என்று பின்னோக்கிச் சுழற்ற ஆணையிட்டீர்களே, அந்தத் தனித்தன்மையை என்னென்பது! சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு பி ஷிப்ட் முடிந்து வெளியே வருபவனை, ஆள் பற்றாக்குறை என்று ஞாயிறு காலை ஆறு மணிக்கே ஏ ஷிப்டில் நிறுத்தும்போது, இடையில் கிடைக்கும் எட்டு மணி நேரத்தில் பஸ், சோறு, குளியல், தூக்கம் நான்கையும் அடக்கும் வித்தையை அவன் தங்களிடம்தான் கற்றான்.

தங்கள் வெற்றிப் பாதையில் முட்கள் இல்லாமல் இல்லை. எட்டு மணி வேலை, எட்டு மணி சொந்தப் பொழுது, எட்டு மணி ஓய்வு என்று நாளை மூன்று பங்காக்கி, தூக்கத்துக்கும் சரிபங்கு கேட்டார் ராபர்ட் ஓவன் என்ற பிரிட்டன் ஆலை முதலாளி, அதுவும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே. முதலாளியாக இருந்தும் புத்தி இப்படிப் போனது. நம் பக்கத்தில் சிங்காரவேலர், 1923 மே 1 அன்று சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிக் கலகத்துக்கு வித்திட்டார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு, ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்று தங்களைச் சுற்றி வேலி அடித்தது. தூங்குவதை உரிமை என்று நினைத்த காலம் அது.

காலம் மாறியது. 2023 பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி திறந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தால் இந்தப் பக்கம் சும்மா இருக்க முடியுமா? ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றமும் அதே வழியில் ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே கூடி எதிர்க்க, மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிச் சரியாக நூறாவது ஆண்டில், அதே மே முதல் நாளில், முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். தங்கள் திருவுள்ளம் புண்பட்டிருக்கும். ஆனால் வீண் வருத்தம். திரும்பிப் போனது மசோதாதான், ஓ.டி. எங்கும் போகவில்லை. “ரிலீவர் வரல, நீயே கண்டினியூ பண்ணிக்கப்பா” என்று சூப்பர்வைசர் தலையைச் சொறிந்துகொண்டு சொல்லும் ஒற்றை வாக்கியத்துக்கு எந்தச் சட்டமன்றத்தின் ஒப்புதலும் தேவைப்படுவதில்லை. கோட்டையில் தோற்ற போரை லைனில் வென்ற தங்கள் பராக்கிரமம் வாழ்க!

தங்கள் கருணைக்கும் ஒரு சாட்சி சொல்லியாக வேண்டும். சிப்காட்டில் ஒரு கம்பெனியின் கேன்டீன் சுவரில் வண்ணச் சுவரொட்டி ஒன்று: ‘நல்ல உறக்கம், நல்ல உற்பத்தி’. தலையணையில் கன்னம் வைத்துச் சிரித்தபடி உறங்கும் ஓர் இளைஞர் படம். கீழே, தூக்கத்தை மேம்படுத்தும் அன்றாடப் பழக்கங்கள். முதல் பழக்கம், தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழ வேண்டும். அதற்கு ஒட்டினாற்போல், அதே பலகையில், அதே நிறக் குண்டூசிகளால், அடுத்த வாரத்து ஷிப்ட் பட்டியல் குத்தியிருந்தது. இரண்டின் அடியிலும் ஒரே ஹெச்.ஆர். அதிகாரியின் கையெழுத்து. வலக்கை தருவதை இடக்கை அறியக் கூடாது என்று தானத்துக்கு இலக்கணம் சொல்வார்கள். அந்த இலக்கணம் இங்கே ஒரு சாண் இடைவெளியில் நிறைவேறியிருந்தது. தூக்கம் கெட்டால் அது குடியானவனின் பழக்கக் கோளாறு, மன்னரின் குற்றமல்ல என்று நிறுவுவதற்கு இதைவிட மலிவான வழி உலகில் இல்லை. ஒரு தாள், நான்கு குண்டூசி.

இரண்டாவது பழக்கம், இருட்டான, அமைதியான, குளிர்ந்த அறை. அந்தச் சலுகை சிப்காட்டை ஒட்டிய பேகேப்பள்ளியிலும் மூக்கண்டப்பள்ளியிலும் தாராளமாகக் கிடைக்கிறது. சிமெண்ட் ஷீட் போட்ட லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர், மூன்று பாய். ஏ ஷிப்ட்காரன் எழுந்த பாயில் சி ஷிப்ட்காரன் படுக்கிறான். ஒருவன் விட்டுப்போன வியர்வைச் சூடு ஆறும் முன் இன்னொருவன் முதுகு சாய்ந்துவிடுவதால், அந்தப் பாய்கள் மட்டும் வருடக்கணக்கில் ஓய்வில்லாமல் உற்பத்தியில் இருக்கின்றன. ஜன்னலுக்குத் தினசரித்தாள் ஒட்டி இருட்டு செய்திருக்கிறார்கள். பகல் பதினோரு மணிக்கு ஷீட் கொதிக்கிறது. “பழைய இரும்பு, பித்தளை, ஈயம்” என்று தள்ளுவண்டி ஒலிபெருக்கி தாலாட்டுகிறது. அதை அடுத்து தக்காளி ஆட்டோ. அதற்குள் ஊரிலிருந்து அம்மாவின் போன்.

“சாப்டியா சாமி?”

“தூங்கிட்டிருக்கேம்மா.”

“பட்டப்பகல்ல என்னடா தூக்கம்? ஒடம்புகிடம்பு சரியில்லியா?”

இத்தனையும் தாண்டி அவன் கண்ணயர்ந்தால், தங்கள் உற்ற நண்பரான மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணியிலிருந்து மின்விசிறியை நிறுத்தி வைக்கிறது. பராமரிப்புக்குப் பகல்தான் உகந்த நேரம். பகலில் தூங்குபவர் யாரும் இருக்க முடியாது என்று அரசு ஏடுகளில் முடிவாகியிருக்கிறது. நித்திரை சுகம் அறியாது என்று பழமொழி சொன்ன முன்னோர் சிமெண்ட் ஷீட்டைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், அந்தச் சுகம் அறியாத நித்திரையாவது வேண்டும் என்று கூடவே ஒரு வரி சேர்த்திருப்பார்கள்.

மூன்றாவது பழக்கம், தூங்கும் முன் டீ, காபி தவிர்க்க வேண்டும். இரவு மூன்று மணிக்குக் கேன்டீனிலிருந்து ட்ராலியில் வரும் அந்தத் தங்கநிற அமுதத்தைத் தவிர்ப்பது எப்படி? உடம்புச் சூடு அடிமட்டத்துக்கு இறங்கி, இமை இரும்பாகி, கன்வேயர் இரண்டாகத் தெரியும் வேளை அது. டீயிலுள்ள காபீனில் பாதி உடம்பை விட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மூன்று மணிக்குக் குடித்தது எட்டு மணிக்கு, பாயில் சாயும்போது, இரத்தத்தில் விழித்துக்கொண்டு நிற்கும். தூக்கம் வரக் கூடாத இடத்தில் வந்து, வர வேண்டிய இடத்தில் வராமல் போவதற்கு ஒரு கிளாஸ் டீயைக் கருவியாக்கிய சிக்கனம் தங்களுக்கே உரியது.

நான்காவது, படுக்கையில் செல்போன் பார்க்கக் கூடாது. மிக உயர்ந்த அறிவுரை. செல்போன் ஒளி கண்ணில் பட்டால் மூளை மெலடோனின் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும் என்பது நிரூபணமான உண்மை. ஆனால், நாளைக்கு ஷிப்ட் மாற்றம், பஸ் அரை மணி முன்கூட்டி என்ற ஆணைகளைத் தாங்கள் வெளியிடுவது வாட்ஸ்ஆப் குழுவில். போனை அணைத்துவிட்டுப் படுத்தவன் மறுநாள் ஆப்சென்ட். ஐந்தாவது, காலை வெயில் முகத்தில் பட வேண்டும். இதை மட்டும் தங்கள் ராஜ்யத்தில் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுகிறார்கள். சி ஷிப்ட் முடிந்து ஆறரை மணிக்குக் கம்பெனி பஸ் கிளம்பும்போது, கிழக்கே எழும் சூரியன் ஜன்னல் வழியாக நேரே முகத்தில் அறைகிறான். தூங்கப் போகிறவனின் மூளைக்கு, விடிந்துவிட்டது, எழுந்திரு என்று திருப்பள்ளியெழுச்சி பாடி அனுப்பிவைக்கும் நாகரிகம் வேறு எந்த அரசவையில் உண்டு? ஆறாவது, மனதில் கவலை இல்லாமல் படுக்க வேண்டும். அடுத்த மாதம் காண்ட்ராக்ட் புதுப்பிப்பார்களா, ட்ரெய்னியாகவே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்ற ஒரே ஒரு சிந்தனையைத் தவிர அவர்களுக்கு வேறு கவலையே தாங்கள் வைக்கவில்லை.

பெண்குலத்துக்குத் தாங்கள் வழங்கிய சரிநிகர் உரிமையைப் பாடாவிட்டால் இந்த மடல் நிறைவு பெறாது. இரவு ஏழு மணிக்கு மேல் பெண்களை ஆலையில் வைத்திருக்கக் கூடாது என்ற பழைய விதியை, தக்க பாதுகாப்புகளோடு வேலை செய்யலாம் என்று சொல்லி, 2000ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் விலக்கியது. உரிமை உரிமைதான், அதில் ஐயமில்லை. அந்த உரிமையோடு சேர்த்துத் தாங்கள் வைத்த உபரிப் பரிசுதான் அற்புதம். இலக்குவன் பதினான்கு ஆண்டு கண்ணிமைக்காமல் காவல் நின்றானாம். அவனுடைய பங்குத் தூக்கத்தையும் சேர்த்து ஊர்மிளை அரண்மனையில் தூங்கினாளாம். நம் நாட்டார் கதை அப்படி. தங்கள் அவையில் கதை மாறிவிட்டது. ஊர்மிளையே நைட் ஷிப்ட் போகிறாள். அவள் பங்கைத் தூங்க எவருமில்லை. ஏழு மணிக்கு வீடு சேர்ந்து, ஷூவைக் கழற்றிய கையோடு இட்லித் தட்டை அடுப்பிலேற்றி, பிள்ளைக்குத் தலைபின்னி, பள்ளி வேனில் ஏற்றி, தண்ணீர் வரும் நாளென்றால் குடம் பிடித்து, துணி துவைத்து, பத்தரைக்குப் படுத்து, மூன்றரைக்கு வேன் ஹாரன் கேட்டு எழுகிறாள். நடுவில் மாமியார் கதவைத் திறந்து, “இன்னுமா தூங்கற?” என்று கேட்டுவிட்டுப் போகிறார். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று ஆழ்ந்தும் மேலெழுந்தும் போவது தூக்கத்தின் இயல்பு. அந்தச் சுற்றுகளை ஒன்றுகூட முழுமையாகாதபடி நறுக்கித் தரும் சமையற்கலை தங்களுடையது.

சாலைகளிலும் தங்கள் செங்கோல் கோணவில்லை. சென்னை, சேலம், பெங்களூரு, புதுச்சேரிச் சாலைகள் கூடும் கிருஷ்ணகிரியைத் தங்கள் கோடைக்கால அரண்மனை என்றே சொல்லலாம். பாகங்கள் குறித்த நிமிடத்தில் ஆலைக்குள் வந்தாக வேண்டும் என்று லாரிகள் பறக்கின்றன. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்ற விதியும் 2018இல் கைவிடப்பட்டதால், ஒருவர் தூங்கும்போது மற்றவர் ஓட்டும் வீண்செலவு மிச்சம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 சதவீத மது கலந்தவரின் நிலைக்கு வந்துவிடும் என்று 1990களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்துச் சொன்னார்கள். 24 மணி நேரமானால் ஏறக்குறைய இரட்டிப்பு. நம் மோட்டார் வாகனச் சட்டம் பொறுத்துக்கொள்ளும் அளவு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம்தான். ஆயினும் போலீஸ் நீட்டும் கருவியில் விழிப்பு ஊதினால் ஒன்றும் தெரியாது. ஒரு சொட்டுக் குடிக்காமல், டாஸ்மாக்கில் ஒரு ரூபாய் கொடுக்காமல், சட்டத்தில் அகப்படாமல், எல்லைக்கு இரு புறமும் செல்லுபடியாகும் போதையைக் குடிகளுக்கு இலவசமாக வழங்கிய வள்ளல் தாங்கள் ஒருவரே.

உலக வரலாற்றிலும் தங்கள் நள்ளிரவு தர்பாருக்குத் தனிப் புகழ் உண்டு. 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டு அணுஉலையில் கோளாறு தொடங்கியது விடியற்காலை நான்கு மணிக்கு. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தது நள்ளிரவில். 1986 ஏப்ரலில் செர்னோபில் வெடித்தது ஒன்று இருபத்து மூன்றுக்கு. காரணங்கள் ஆயிரம் இருக்கலாம்; முகூர்த்தம் மட்டும் தங்களுடையதாகவே அமைந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய கொடை நம் சிறிய பட்டறைகளால் முடியாது. ஏதோ தம்மால் இயன்றதென்று அங்குள்ள தொழிலாளர்கள், பவர் பிரஸ் இறங்கும் நொடியில் அசந்த கண்ணுக்கு ஈடாக ஒரு விரல், இரண்டு விரல் என்று காணிக்கை செலுத்தி வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இல், உடற்கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் வைத்தது. 2019இல் மீண்டும் ஆராய்ந்து அதே இடத்தை உறுதி செய்தது. விருது ஒரு முறை கிடைப்பதே அரிது. தங்களுக்கு இரு முறை.

தங்கள் அவைக்குப் புலவர் பஞ்சமும் இல்லை. ஓசூர்ச் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியில் கொலுவிருக்கும் இன்ஃபோசிஸை நிறுவிய நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் பாடினார். அந்தப் பாட்டு ஓய்வதற்குள், 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதை 90 ஆக உயர்த்தி, வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று பல்லவியும் சேர்த்தார். சிப்காட்டின் சி ஷிப்ட்காரருக்கு அந்தச் சங்கடமே கிடையாது. அவர் கதவைத் திறக்கும்போது மனைவி ஏ ஷிப்டுக்குப் புறப்பட்டிருப்பார். சாவி பக்கத்து வீட்டில்.

இவ்வளவு பேறுகளை அள்ளித் தந்த தங்களிடம் ஒரு சிறு மனத்தாங்கல் மட்டும் உண்டு. அபயம் அளித்தால் சொல்வோம். தங்கள் அருள் ஓரவஞ்சனையாகப் பொழிகிறது. லைனில் நிற்பவருக்கும், லாரி ஓட்டுபவருக்கும், செக்யூரிட்டிக்கும், நர்சம்மாவுக்கும் வழங்கும் பாக்கியத்தை, பட்டியலில் கையெழுத்திடும் பெருமக்களுக்கும், பன்னிரண்டு மணி நேரத்தின் பயனைக் கண்டறிந்த சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், வாரத்தை நீட்டச் சொல்லும் தலைவர்களுக்கும் தாங்கள் இதுவரை வழங்கவே இல்லை. பாவம், அவர்கள் இருட்டிய பின் படுத்து, விடிந்த பின் எழுந்து, பழைய ராகிக் குடியானவனைப் போலவே பின்தங்கிக் கிடக்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு மாதம் அவர்களையும் தங்கள் சக்கரத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டுகிறோம். முதல் வாரம் ஏ, இரண்டாம் வாரம் சி, மூன்றாம் வாரம் பி, நான்காம் வாரம் ரிலீவர் வராததால் கண்டினியூ. மூக்கண்டப்பள்ளியில் அறையும் மூன்று பாயும் ஏற்பாடு செய்து தருகிறோம். பராமரிப்பு மின்தடை வரும் தேதியாகப் பார்த்துக் குடியேற்றுவது எங்கள் பொறுப்பு. வேலை நேரம் குறித்த அடுத்த மசோதாவின் மீதான விவாதத்தை, அந்த மாதம் முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்கே அவையில் வைத்துக்கொள்ளலாம்.